1820இல் பிறந்த இருவர்

விளம்பர வரலாறு எழுதுபவர்களிடம் ஒரு பல்லவி உண்டு. 1923இல் அமெரிக்காவின் நெட் ஜோர்டான் தமது 'பிளேபாய்' காருக்கு எழுதிய விளம்பரத்தில்தான் எஞ்சின் பேச்சு ஓய்ந்து ஏக்கம் விற்பனைக்கு வந்ததாம். அதற்கு முந்தைய பிரிட்டிஷ் விளம்பரங்கள் வெறும் விலைப்பட்டியலாம். அந்தக் கால லண்டன் வார இதழ் ஒன்றை அட்டையோடு விரித்துப் பார்த்தவர் இப்படிச் சொல்லத் துணியமாட்டார். டானிக், விஸ்கி, மோட்டார் வண்டி மூன்றும் அங்கே தோளோடு தோள் உரசி, ஒரே வீட்டுக் கதவைத்தான் தட்டுகின்றன.

பிரிட்டனில் மோட்டார் வண்டியின் தொடக்கக் கதை தெரிந்ததுதான். 1896 சட்டம் மணிக்கு 14 மைல் அனுமதித்தது. 1903 சட்டம் அதை 20 ஆக்கி, வண்டிக்கு எண்ணும் கொடுத்தது. இடையில் 1897 செப்டம்பரில், குடித்துவிட்டு மின்சார வாடகை வண்டியை ஒரு கட்டடத்தில் மோதிய லண்டன் ஓட்டுநர் அபராதம் கட்டினார்.

யாரும் நின்று பார்க்காத ஆண்டு 1902. டெய்லி மெயில் அதிபர் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த்தும் வேறு சிலரும் சேர்ந்து எழுதி, பாட்மின்டன் நூல்வரிசையில் வந்த மோட்டார் கையேட்டில் உடல்நலத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எழுதியவர் சர் ஹென்றி தாம்சன். பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றிப் பேர்வாங்கிய அறுவை மருத்துவர். அப்போது அவருக்கு வயது எண்பதுக்கு மேல். வண்டியின் குலுக்கல் கல்லீரலுக்கு நல்லது என்கிறார். இருபது மைல் ஓட்டியதும் இறங்கி, கால் மரத்துப்போகாமல் இருநூறு முந்நூறு கஜம் ஓடச் சொல்கிறார். இது விளம்பரமல்ல. ஆனால் கார் ஒரு மருந்து என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல விதைநெல் கிடைக்காது.

மருந்து விற்பவர்கள் அந்த நிலத்தை ஏற்கெனவே உழுது வைத்திருந்தார்கள். பெர்லினிலிருந்து வந்த சானடோஜன் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பால் புரதம். விற்றதோ நரம்புக்குத் தெம்பு என்று, பிரமுகர்களின் நற்சான்றுக் கடிதங்களோடு. பீச்சம் மாத்திரைப் பெட்டியின் விலை 1 ஷில்லிங் 1½ பென்னி. அந்த ஒன்றரைப் பென்னி மருந்து முத்திரை வரி. அரசு முத்திரையை அரசின் சான்றிதழென்று மக்கள் நம்பியது கம்பெனிகளுக்கு எவ்வளவு வசதி! 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த ரகசிய மருந்துகளைப் பகுத்தாய்ந்து நூலாக வெளியிட்டது. பீச்சம் பெட்டிக்குள் இருந்த கற்றாழைப் பால், இஞ்சி, சோப்பின் அடக்கவிலை அரை ஃபார்திங். அந்நூலின் விளம்பரத்தைப் போடப் பல நாளிதழ்கள் மறுத்தன. சோறு போட்ட கையைக் கடிப்பார்களா?

மதுவே தொடாத வீடுகளிலும் வின்கார்னிஸ் புட்டி நுழைந்தது. இறைச்சிச் சாறும் மால்ட்டும் கலந்த திராட்சை மது. பெயர் மட்டும் டானிக். டானிக் மதுவாயிருந்தபோது விஸ்கி ஏன் டாக்டர் கோட்டு மாட்டக்கூடாது? 1906இல் கேம்பஸ் தானிய விஸ்கி, ஒரு காலன் குடித்தாலும் தலைவலி வராது என்று விளம்பரம் செய்தது. எது விஸ்கி என்று இஸ்லிங்டன் நீதிமன்றத்தில் எழுந்த வழக்கு ராயல் கமிஷன் வரை போய், 1909இல் தானியச் சரக்கும் விஸ்கிதான் என்று முடிந்தது.

இந்த இரைச்சலுக்கு நடுவே, 1908இல், டாம் பிரவுன் என்ற ஓவியர் ஜானி வாக்கருக்கு ஒரு மனிதனை வரைந்து கொடுத்தார். உயரத் தொப்பி, ஒற்றைக் கண்ணாடி, சிவப்புக் கோட்டு, கைத்தடி, வீசி நடக்கும் கால்கள். 1820இல் பிறந்தவன், இன்னும் தளராதவன் என்றது வாசகம். வேடிக்கை என்னவென்றால் தாம்சன் பிறந்ததும் 1820இல்தான். 1904 வரை தளராமல் வாழ்ந்தார். இன்னொரு வேடிக்கை, ஹார்ம்ஸ்வொர்த்தின் சித்திர இதழில் வியரி வில்லி, டயர்ட் டிம் என்ற இரண்டு சோம்பேறி நாடோடிகளைப் படைத்தவரும் இதே பிரவுன். சோர்வை வரைந்து பழகிய கைக்குத்தான் சோர்வற்ற நடை வாய்த்தது. அந்தப் படத்தில் சுவை பற்றியோ விலை பற்றியோ ஒரு சொல் இல்லை. ஜோர்டானுக்குப் பதினைந்து ஆண்டு முன்னால் ஏக்கம் முழுசாக விற்கப்பட்டுவிட்டது. பிரவுன் 1910இல் நாற்பது தாண்டாமலே இறந்தார். வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பது அரை வரி.

சரி, விலைப்பட்டியல் எப்போது வந்தது? பிறகுதான். 1921இல் சந்தை படுத்தபோது வில்லியம் மோரிஸ் தமது கௌலி காரின் விலையில் 100 பவுன் குறைத்தார். 1922இல் ஹெர்பர்ட் ஆஸ்டின் கொண்டுவந்த 'செவன்', 747 சி.சி. எஞ்சினோடு விரைவில் 165 பவுனுக்கு வந்தது. குதிரைச் சக்திக்கு ஒரு பவுன் என்ற வரிக்கணக்கில் ஆண்டுக்கு 8 பவுன். மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் மனைவியையும் குழந்தையையும் மழையில் நனையவிட்ட குமாஸ்தாவுக்கு ஏக்கம் ஏற்கெனவே இருந்தது, தேவைப்பட்டது கணக்கு. இந்தக் கணக்கு விளம்பரங்களை வறட்சி என்பவர்கள் வாங்கியவரின் பணப்பையை மறந்தவர்கள். உண்மையில் வறண்டது 1930களின் ஹார்லிக்ஸ்: 'இரவுப் பட்டினி' என்ற இல்லாத நோயைக் கண்டுபிடித்துவிட்டு அதற்குக் கிண்ணத்தில் மருந்து ஊற்றியது. பழைய நரம்பு டானிக்கின் வாரிசு, நகைச்சுவை மட்டும் கழிந்தது.

ஏக்கம் முதலில், கணக்கு பின்னால் என்ற இந்த வரிசை ஏன் கண்ணில் படவில்லை? கார் பிரியர் கார் விளம்பரத்தை மட்டும் வெட்டிச் சேர்க்கிறார், விஸ்கி பிரியர் விஸ்கியை, மருந்து வரலாற்றாளர் மருந்தை. பக்கம் துண்டுதுண்டாகிறது. நூலகங்களோ இன்னும் மோசம்: வார இதழ்களை ஆண்டுத் தொகுதியாகக் கட்டும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் பெரும்பாலும் கிழித்தெறிந்துவிட்டுக் கதைகளையும் கேலிச்சித்திரங்களையும் மட்டும் தோலில் பொதிந்து வைத்தன. கட்டப்படாத தனி இதழ்கள்தான் இனி தேடப்பட வேண்டியவை. அவை பழைய புத்தகக் கடைகளில், கட்டிய தொகுதியைவிட மலிவாகக் கிடக்கின்றன.