தப்பை நின்று கேளுங்கள், அசைந்தும் கேளுங்கள்

மாசி அமாவாசை கழிந்தால் பசறை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்து ஆட்டத்துக்குத் தப்புப் பறை முழங்கும். பதுளை டவுனில் வளரும் நம் பிள்ளைகளோ "ஒரே இரைச்சல்" என்று ஒதுங்கிப்போகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கேட்கும் வழியை யாராவது சொல்லித் தந்தோமா?

அடிப்படை கொஞ்சம்தான். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். நெருப்பில் காய்ச்சினால் விறைத்துக் கணீரென்று பேசும். ஒரு கையில் தடித்த குச்சி, மறுகையில் மெல்லிய நீண்ட குச்சி. ஆடுபவர் மாற அடியும் மாறும். முதலில் மெல்லிய குச்சியை மட்டும் காதால் பிடியுங்கள். கவனம் வைத்த ஒலிக்கு மூளையில் எழும் மின் அலை பெரிதாவதை 1973இல் ஹில்யார்டு ஆய்வுக் குழுவினர் அளந்து காட்டினார்கள்.

இனி நான் விடாப்பிடியாகச் சொல்வது: நின்று கேட்பது வேறு, அசைந்து கேட்பது வேறு.

"அடித்தவனுக்குத்தான் தப்பு விளங்கும்" என்று மேடையில் முழங்குவோரை நம்பாதீர்கள். அதே 1973இல் ஆய்வாளர்கள் ஷேஃபரும் மார்கஸும் கண்டது இது: தானே எழுப்பும் ஒலிக்கு மூளையின் பதில் சிறிது, அதே ஒலி பிறரிடமிருந்து வந்தால் பெரிது. தன் கை எழுப்பப்போவதை முன்பே அறிந்த மூளை அடக்கி வாசிக்கிறது. ஆகவே, ஒலியின் முழு வீச்சு அடிக்காமல் நின்று கேட்கும் உங்களுக்குத்தான் கிடைக்கிறது.

தாளக் கணக்கு அப்படியல்ல. அதற்கு உடம்பு வேண்டும். அழுத்தமே இல்லாத ஒரு தாளத்துக்கு, கைக்குழந்தைகளை இரண்டுக்கொரு தரமோ மூன்றுக்கொரு தரமோ தூக்கி அசைத்தார்கள். பிறகு, அசைத்த கணக்கில் அழுத்தம் விழுந்த தாளத்தையே அவை விரும்பிக் கேட்டன. பிலிப்ஸ்-சில்வரும் டிரெய்னரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இது. உடம்பு போடும் கணக்கைக் காது ஏற்றுக்கொள்கிறது.

எனவே ஒரு சுற்று சிலையாக நில்லுங்கள். மறு சுற்றில் சத்தமில்லாமல் கால் மாற்றுங்கள். கை மட்டும் தட்டாதீர்கள். உங்கள் தட்டு மெல்லிய குச்சியை மூடிவிடும். போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுப்பது அதைவிட மேலோட்டம். கவனம் திரைக்குப் போய்விடுகிறது. கூத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கதையும் அடையாளமும் எழுதி, அடியைப் பற்றி ஒரு வரியும் எழுதாத விமர்சகர்களும் அந்த ரகமே.

உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன்: ராகம் தெரிய வேண்டாம், கதை தெரிய வேண்டாம். வரும் மாசியில் காமன் கூத்து நடக்கும் பொட்டலுக்கு வாருங்கள். தப்பு உங்களுக்கும் உரியது.