ஓட்டை இழந்த மெல்லுடலிகள்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடியார்கள் ஊதும் சங்கு, ஒரு மெல்லுடலி விட்டுச்சென்ற ஓடு. மெல்லுடலி என்றாலே நம் மனம் ஓட்டைத்தான் தேடும். விலங்கியலும் நெடுங்காலம் அப்படியே தேடியது. அந்த வழக்கத்தின் பலமும் பலவீனமும் ஆழ்கடலில் வாழும் புழுவுருவ மெல்லுடலிகளிடம் நன்றாகத் தெரியும்.

பெரும்பாலானவை விரல்நகம் அளவைத் தாண்டாதவை. ஓடு கிடையாது, நுண்ணிய சுண்ணாம்பு முட்கள் உடலைப் போர்த்தியிருக்கும். ஒரு பிரிவு சேற்றில் தலைகீழாகப் புதைந்து, செவுள் உள்ள வால்முனையை மட்டும் மேலே வைத்து மூச்சுவிடும். இன்னொன்று அடிவயிற்றில் நெடுகப் பள்ளத்தோடு ஊர்ந்து, பவள இனங்களைத் தின்னும். 1840-களில் சுவீடனின் ஸ்வென் லோவன் இவற்றில் ஒன்றை விவரித்தார். பிறகும் பல காலம் இவற்றைப் புழுக்களோடுதான் வைத்திருந்தார்கள்.

மெல்லுடலிகள் என்று ஏற்றபின், இரு பிரிவையும் 'ஓடில்லாதவை' என்று ஒன்றாகச் சேர்த்தார்கள். இல்லாததை அடையாளமாக்குவது ஆபத்து: கால் இல்லை என்பதால் பாம்பும் மண்புழுவும் உறவாகிவிடுமா? அதனால் இவை இரண்டு தனி வகுப்புகள் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் 2011-இல் நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள், இரண்டும் உடன்பிறப்புகள் என்றும் முதுகில் எட்டுத் தகடு கொண்ட கைட்டான் நெருங்கிய உறவு என்றும் காட்டின. சேர்த்தது சரியே. தவறு, ஓடு தோன்றுமுன் பிரிந்த ஆதி வடிவங்கள் இவை என்று பலர் நம்பியதில்தான். 2012-இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 42.5 கோடி ஆண்டுப் பழைய இங்கிலாந்துப் புதைபடிவத்துக்குப் புழு உடலும் இருந்தது, முதுகில் ஏழு தகடுகளும் இருந்தன. ஆக, இன்றைய புழுவுருவ மெல்லுடலிகள் ஓட்டை இழந்தவை. எளிய உடலைப் பழைய உடல் என்று எண்ணிய மயக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இனம் காணும் முறையிலும் உடலா, மரபணுவா என்ற இழுபறி உண்டு. முட்களை நுண்ணோக்கியில் பார்த்து, உடலை மெல்லிய சீவல்களாக அரிந்து உள்ளுறுப்பைப் படிக்க வேண்டும். கிடைத்த ஒரே உயிரியும் அதில் அழிந்துவிடலாம்; வேலையும் மெதுவானது. மரபணுவை மட்டும் நம்பலாம் என்றால், குடலிலுள்ள இரையின் மரபணு கலந்து ஏமாற்றுகிறது. ஆகவே கத்தியைக் கைவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தத் திறமை நமக்கும் தேவைப்படும். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் கடல்தரை உலோகக் கட்டிகளை ஆராயும் உரிமை இந்தியாவிடம் உள்ளது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2021-இல் 5,000 மீட்டருக்கும் கீழே சுரங்க இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தது. அந்தக் கடல்தரைச் சேற்றைச் சலித்து, முட்களைப் படித்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்களை நம் பல்கலைக்கழகங்கள் இப்போதே உருவாக்க வேண்டும்.