பார்பிப் பொம்மையும் பெற்றோரின் இருமனமும்

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலண்ட் பார்த் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மிதோலொஜி’ என்னும் நூலில், விளையாட்டுப் பொருள்களைப் பற்றிய சிறு கட்டுரையொன்று உண்டு. தம் நாட்டுக் கடைகளில் விற்பனையாகும் பொம்மைகள் பெரும்பாலும் வளர்ந்தோர் உலகையே சிறிதாக்கித் தருவன என்பதும், சிறுநீர் கழிக்கும் குழந்தைப் பொம்மையைக் கையிற் கொடுத்துச் சிறுமியை வீட்டுப் பணிக்கு முன்கூட்டியே பழக்குகின்றனர் என்பதும் அவர் சுமத்தும் குற்றங்கள். இத்தகைய பொருள்களின் முன்னே பிள்ளை உடைமையாளனாகலாம், பாவிப்பவனாகலாம். ஆக்குபவனாதல் இயலாது என்பது அக்கட்டுரையின் சாரம்.

அந்நூல் வெளிவந்து ஈராண்டின் பின், 1959 மார்ச்சில், நியூயோர்க் விளையாட்டுப் பொருட் சந்தையில் மற்றெல் கம்பனி பார்பியை அறிமுகஞ் செய்தது. பதினொன்றரை அங்குல உயரம். மார்பகமும் ஒடுங்கிய இடையும் வாய்ந்த வளர்ந்த பெண்ணின் வடிவம். விலை 3 டொலர். பார்த் கண்டித்த தாய்மைப் பயிற்சி இதில் இல்லை. பாலூட்டவும் தாலாட்டவும் வேண்டாத இப்பொம்மை சிறுமியைத் தொட்டிலிலிருந்து விடுவித்ததா, அன்றி நிலைக்கண்ணாடியுடன் பிணைத்ததா என்னும் வினா அன்று தொட்டுப் பெற்றோரை அலைக்கழித்து வருகின்றது.

இவ்வலைக்கழிவைப் பழமைக்கும் புதுமைக்குமிடையிலான பூசலென்று கூறி அமைவோர் பலர். அவ்விளக்கம் போதாது. சந்தைப்படுத்தலுக்கு உளவியலைப் பயன்படுத்தியோருள் முதன்மையானவரான ஏர்னெஸ்ற் டிக்ரரை மற்றெல் கம்பனி அமர்த்தியிருந்தது. சிறுமியர் பொம்மையை விரும்புவதையும் தாய்மார் அதனை வெறுப்பதையும் அவர் நேர்காணல்கள் வழி கண்டறிந்தார். இவ்வரலாற்றை எம். ஜி. லோர்ட் என்னும் எழுத்தாளர் பார்பி பற்றித் தாம் 1994இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைக்கிறார். பொம்மை எத்துணை நேர்த்தியாக இருக்கிறது என மகள் வியந்தபோது தாயொருத்தியின் எதிர்ப்புத் தளர்ந்ததாம். ஒழுங்காக உடுத்தக் கற்பிக்கும் பொருளென்று சொன்னால் தாய் இசைவாள் என்பதை டிக்ரர் அங்கே கண்டுகொண்டார். மறுபுறம், 1955 முதலே ‘மிக்கி மவுஸ் கிளப்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியூடாகக் கம்பனி பிள்ளைகளுடன் நேரே பேசத் தொடங்கியிருந்தது. மகளுக்கு ஒரு பேச்சு, தாய்க்கு வேறொரு பேச்சு. பெற்றோரின் இருமனம் பொம்மை வீட்டுக்குள் வருமுன்னரே அளந்தறியப்பட்டு விற்பனைத் திட்டத்தில் இடம்பெற்றிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. விரும்பாமலே வாங்கிக் கொடுத்த தாயை முரண்பட்டவள் என ஏளனஞ் செய்வது அநீதி.

பெற்றோரின் அச்சம் ஆதாரமற்றதுமன்று. 1963இல் வெளியான உடைத் தொகுதியொன்றில் மெலிவதெப்படி என்னும் சிறு நூலொன்று இருந்தது. உண்ணாதே என்பதே அது தந்த அறிவுரை. 1965இல் அந்நூலுடன் 110 இறாத்தலில் முள் நின்றுவிட்ட எடைத் தராசும் சேர்ந்தது. 1992இல் பேசும் பார்பி கணித வகுப்புக் கடினமென்று சொல்ல, அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம் கண்டித்தது. கம்பனி அவ்வாக்கியத்தை நீக்கியது. ஆயினும் எடைத் தராசு வந்த அதே 1965இல்தான் விண்வெளி வீராங்கனையாகவும் பார்பி வந்தாள். அமெரிக்கப் பெண்ணொருத்தி விண்வெளி செல்வதற்குப் பின்னும் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தன் மகளுக்கு அடுப்படியைத் தவிர வேறோர் உலகையும் காட்ட விழைந்த தாய்க்கு இது சிறிய கவர்ச்சியன்று.

உடலைப் பற்றிய கவலைக்கு ஆய்வுச் சான்றாகப் பெரிதும் எடுத்துக் காட்டப்படுவது, பிரித்தானியாவில் ஹெல்கா டிற்மாரும் பிறரும் நிகழ்த்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்தரை வயது முதல் எட்டரை வயது வரையான 162 சிறுமியர் அதிற் பங்குபற்றினர். பார்பியின் படங்களைக் கண்ட இளஞ் சிறுமியர் தம் உடல் குறித்துக் கூடிய மனக்குறையையும் மெலிய வேண்டுமென்னும் விருப்பையும் வெளிப்படுத்தினர். மூத்தோரிடம் அவ்விளைவு காணப்படவில்லை. முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால், சிறுமியருக்குக் காட்டப்பட்டவை கதைப்புத்தகப் படங்கள். பொம்மை அவர்தம் கையிற் கொடுக்கப்படவில்லை. அளக்கப்பட்டது பார்வையின் விளைவு. விளையாட்டின் விளைவு அவ்வாய்வில் அளக்கப்படவில்லை.

இவ்வேறுபாடு அற்பமானதெனத் தோன்றலாம். என் கருத்தில் இவ்விவாதத்தின் முடிச்சு முழுவதும் இங்கேதான் உள்ளது. பெற்றோர் பொம்மையைக் கண்ணாற் காண்கின்றனர்; பிள்ளை கையால் அறிகின்றது. பார்த்தும் கடை அலுமாரியைப் பார்த்தாரேயன்றி, வாங்கிச் சென்ற பொம்மையைப் பிள்ளை என்ன செய்கின்றதென நின்று நோக்கினாரல்லர். ஏழு முதல் பதினொரு வயது வரையான பிள்ளைகளிடையே நிகழ்த்திய ஆய்வொன்றை 2005இல் பாத் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர். பார்பியின் தலைமயிரைக் கத்தரிப்பதையும் தலையைப் பிடுங்குவதையும் பிள்ளைகள் கூச்சமின்றி அதிற் கூறினர். பொம்மைப் பருவத்தைக் கடக்கும் பிள்ளைகளின் வெறுப்பென்று அது விளக்கப்பட்டது. வெறுப்பும் இருக்கலாம். ஆயின், முடிந்த முடிபாகக் கையிற் கிடைத்த ஒரு பொருளின் மேல் ஆக்குவோனுக்குரிய உரிமையைப் பிள்ளை மீட்கும் முயற்சியும் அதுவே. கத்தரிக்கோல் எடுத்த சிறுமியைக் கண்டு பதறும் தாய், பொம்மையின் இடையளவைக் கண்டு பதறியவளாகவும் இருப்பது விந்தை.

கத்தரிக்கோல் இப்பொம்மையின் பிறப்புக் கதையிலேயே இருக்கிறது. கம்பனியை நிறுவியோருள் ஒருவரான ரூத் ஹான்ட்லரின் மகள் பார்பராவும் அவள் தோழியரும் காகிதப் பொம்மைகளை வைத்து வளர்ந்த பெண்களாகப் பேசி விளையாடினர். அதைக் கண்டே தமக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பது ஹான்ட்லர் தந்த வாக்குமூலம். 1956இல் சுவிற்சர்லாந்தில் அவர் கண்ட லில்லி என்னும் ஜேர்மன் பொம்மை வடிவத்தை மட்டுமே தந்தது. ஆகவே, வளர்ந்த பெண்ணாய்த் தன்னைப் பாவித்துப் பார்க்கும் விளையாட்டை வணிகம் கண்டுபிடிக்கவில்லை. அது பிள்ளைகளிடம் ஏலவே இருந்தது. சில காசுக் காகிதம் அதற்குப் போதுமாயிருந்தது. காகிதப் பொம்மைக்கு உடை வேண்டின் சிறுமி தானே வரைந்து, வண்ணந் தீட்டி, வெட்டிக்கொள்ளலாம். நம் ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் தான் செய்த வண்டற்பாவையைக் கடல் கொண்டதென்று மணலை அள்ளியெறிந்து கடலையே தூர்க்க முனையும் பெண்ணொருத்தி வருகின்றாள். அக்கோபம் கைப்பட ஆக்கியவளுக்கே வரும்.

பார்பிக்கோ உடைகள் உறையிலிடப்பட்டுத் தனித்தனி விலையுடன் வந்தன. யப்பானில் தம் வீடுகளிலிருந்து தொழில் செய்த பெண்கள், மிகச் சிறிய பொத்தான்களையும் மடிப்புகளையும் கையாலே தைத்து முடித்த ஆடைகள் அவை. 1959இன் மணக்கோல உடைக்கு 5 டொலர். அணிபவளை விட ஆடைக்கு விலை அதிகம். அடுத்த உடை வாங்கப்படும் வரை கதை காத்திருக்க வேண்டும். தைக்கத் தெரிந்த தாய்மாரும் பாட்டிமாரும் வெட்டுத்துணிகளில் உடை தைத்துக் கொடுத்து இவ்வொழுங்கைக் குலைத்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். பொம்மையை எதிர்த்த கட்டுரைகள் பலவற்றைவிட அத்தையல் பயனுள்ள விமர்சனமாக எனக்குப் படுகின்றது.

இடையளவு பற்றிய கண்டனத்துக்குக் கம்பனி விடை கண்டுவிட்டது. 2016இல் நெடிய, குறுகிய, சற்றுப் பருத்த உடல்வாகுகளில் பார்பிகள் வந்தன. முன்னேற்றந்தான். ஆயின் ஓருடலுக்குத் தைத்த உடை மற்றதற்குப் பொருந்தாமையால் வாங்க வேண்டியவை பெருகின. கண்ணின் குறை தீர்ந்தது. கையின் குறையைக் கேட்டோர் இல்லை.

மற்றெல் கம்பனியும் பங்கேற்றுத் தயாரிக்க, கிரெற்றா கேர்விக் 2023இல் இயக்கிய ‘பார்பி’ திரைப்படத்தை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். குழந்தைப் பொம்மைகளைச் சிறுமியர் அடித்து நொறுக்குவதாக அது தொடங்குகின்றது. பார்த் பார்த்திருப்பின் மகிழ்ந்திருப்பார். பொம்மையைப் பழித்துரைக்கும் பதின்ம வயது மகளும், அதைக் கைவிட இயலாத தாயும் அதில் வருகின்றனர். பொம்மையின் துயருக்குக் காரணம் மகளல்லள், தாயே என வெளிப்படும் இடம் படத்தின் நேர்மையான இடம். பெற்றோரின் இருமனத்தை இத்துணைப் பரிவோடு காட்டிய வேறு படம் என் நினைவில் இல்லை. எனினும் அப்பரிவே படத்தின் எல்லையுமாகின்றது. அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் குறித்துப் பெற்றோருக்கு எச்சரிக்கை விடுக்கும் தரச்சான்றுடன் வெளியான இப்படத்தில், விளையாடும் வயதுப் பிள்ளை தோன்றுவது சில கணங்களே. தலைமயிர் கத்தரிக்கப்பட்டு, முகத்தில் மைக்கீறல்களுடன், கால்கள் அகன்று திரியும் ‘விசித்திரப் பார்பி’யே அப்பிள்ளையின் கை பட்டதற்குச் சான்றாக எஞ்சியிருக்கும் பாத்திரம், பொம்மை நாட்டில் அவள் ஒதுக்கப்பட்டவள். படம் வெளியான அதே ஆண்டில் அப்பாத்திரத்தையும் மற்றெல் பொம்மையாக்கி விற்பனைக்கு விட்டது. மயிரைத் தொழிற்சாலையே கத்தரித்திருந்தது. முகத்துக் கீறல்களும் அங்கேயே வரையப்பட்டிருந்தன. விலை 50 டொலர்.