சீட்டின் விலையும் நாளின் விலையும்

சென்னைக்குச் சரக்குப் பார்க்கப் போகும் கிளிநொச்சி வியாபாரிக்கு வானத்தில் கழியும் நேரம் ஒருபோதும் சிக்கலாக இருந்ததில்லை. கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்காவிலிருந்து சென்னை ஒன்றரை மணி நேரப் பறப்புத்தான். ஆனால் அந்தக் கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர ஏறக்குறைய முந்நூறு கிலோமீற்றர் பஸ்ஸில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போதும் அதே தூரம். மூன்று மணி நேரப் பறப்புக்காக இரண்டு இரவுகள் வீதியில் போயின. பலாலியோ கிளிநொச்சியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் இந்திய அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. பெருந்தொற்றில் நின்றுபோன அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் மலிவுக்கட்டண நிறுவனமான இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. கிளிநொச்சி உள்ளிட்ட வன்னிக்கு இதனால் கிடைத்த பெரிய இலாபம் சீட்டின் விலையில் இல்லை, மீண்டு கிடைத்த அந்த இரண்டு இரவுகளில் இருக்கிறது. மலிவு விமானம் எங்கே கைவிடுகிறது என்பதையும் அதே நாள்கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மலிவு எப்படி உண்டாகிறது என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் 1971இல் பறக்கத் தொடங்கிக் காட்டிய வழி இது: விமான வகைகளைக் குறைத்து வைத்திருப்பது, தரையில் நிற்கும் நேரத்தைச் சுருக்குவது. சாப்பாடு, விருப்பமான இருக்கை, கூடுதல் பொதி எல்லாவற்றையும் சீட்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்பதைப் பின்னால் வந்த மலிவு நிறுவனங்கள் சேர்த்துக்கொண்டன. இந்தியாவில் கோபிநாத் 2003இல் தொடங்கிய எயார் டெக்கான் அந்த வழியைச் சிறு நகரங்களுக்குக் கொண்டுபோனது. ‘சூரரைப் போற்று’ படத்தின் மூலக்கதை அவருடையது என்பது பலருக்குத் தெரியும். எயார் டெக்கான் அன்று நம்பியிருந்த ஏ.ரி.ஆர். வகை விமானந்தான் இன்று பலாலிக்கும் வருகிறது. இன்டிகோவின் ஏ.ரி.ஆரில் 78 இருக்கைகள். விசிறி பூட்டிய இவ்விமானத்துக்குக் குறுகிய ஓடுபாதை போதும். குறுந்தூரத்தில் எரிபொருளும் குறைவாகச் செல்லும். பெரிய ஜெட் ஒன்றை நிரப்ப வடக்கில் நாளாந்தம் ஆள் தேடுவது கடினம், எழுபத்தெட்டுப் பேரைத் தேடலாம். ஆகவே சிக்கனம் என்ற கொள்கை இங்கே பலாலியின் அளவுக்குப் பொருந்தி வந்திருக்கிறது. வாசலைத் திறந்தது அரச நிறுவனம் என்பதையும் மறக்கக் கூடாது. மலிவு நிறுவனம் ஓடித் தெளிந்த பாதையில்தான் இறங்கியது.

இந்த விமானங்களைக் குறைசொல்லுகிறவர்கள் கால் நீட்ட இடமில்லை, தேநீருக்கும் காசு என்கிறார்கள். வவுனியாவிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து பழகியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஒரு பொருட்டல்ல. விலை அமையும் விதம்தான் முதல் உண்மையான சிக்கல். முன்கூட்டியே எடுத்த சீட்டு மலிவு, கடைசி நேரத்தில் எடுப்பது விலை கூடியது. ஓய்வுப் பயணம் போகிறவர் மாதக்கணக்கில் முன்னால் திட்டமிடலாம். புடவைக்கடைக்காரருக்கோ தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால் எந்த நிறம் ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் பயணம் தேவைப்படுகிறது, அந்த வாரங்களில்தான் மற்றவர்களும் புறப்படுகிறார்கள். தாமதித்து முடிவெடுப்பது வியாபாரத்தின் இயல்பு. அந்த இயல்புக்கே அபராதம் வைக்கும் விலைமுறையை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது பொதி. இன்டிகோவில் கையில் கொண்டுபோகக்கூடியது 7 கிலோ. பட்டுப்புடவை பாரமானது, உழவு இயந்திர உதிரிப்பாகம் அதைவிடப் பாரமானது. மேலதிகக் காசு கட்டினால் தீர்ந்தது என்பார்கள். சிறிய விமானமும் குறுகிய ஓடுபாதையும் சேர்ந்தால் ஏற்றக்கூடிய பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு, காசு அந்த எல்லையை நகர்த்தாது. பொதியில் சரக்குக் கடத்தும் ‘குருவி’ வேலையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் சுங்கத்தில் ஒருமுறை மாட்டினாலே பல பயணங்களின் இலாபத்தை இழப்பார்கள். கிலோக்கணக்கில் கொண்டுவர வேண்டியவருக்கு நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஏற்றது, ஆனால் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் அது நின்றுவிடுகிறது. விமானம் கண்ணுக்கும் பேச்சுக்கும் உரியது: துணியைத் தொட்டுப் பார்க்க, அரிசி ஆலை இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்க்க, கடன் தவணையை முகம் பார்த்துப் பேச. வாட்ஸ்அப் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். படத்தில் நூலின் தரம் தெரியாது. முதல் தடவை கடன் தருகிற ஈரோட்டு வியாபாரியும் படத்தை நம்பிச் சரக்கு அனுப்பமாட்டார். பழகிய பிறகு கைபேசி போதும், பழகுவதற்குப் போகத்தான் வேண்டும்.

ஆனால் மிகப் பெரிய குறை, இழுத்துக் கட்டிய நேர அட்டவணையில் மிச்சம் எதுவும் இல்லாதது. ஒரே விமானம் நாள் முழுவதும் ஊர் ஊராய்ப் பறந்தால் காலைத் தாமதம் மாலைப் பயணியின் தலையில் விழும். விமானிகளையும் அளந்து வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பர் தொடக்கத்தில் பார்த்தோம். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தரும் புதிய இந்திய விதிக்கு ஆயத்தமில்லாதிருந்த இன்டிகோ சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கான சேவைகளை இரத்துச் செய்தது. கொழும்புக்குப் போகிறவருக்கு அடுத்த விமானம் சில மணி நேரத்தில் கிடைக்கலாம். பலாலிக்கு வருகிறவருக்கு அடுத்த விமானம் பெரும்பாலும் அடுத்த நாள். விடுதிக் கூலி, பூட்டிக் கிடக்கும் கடை, தவறிய காசோலைத் திகதி எல்லாம் பயணியின் கணக்கில் ஏறும். நிறுவனம் மிச்சம் பிடித்த காசின் ஒரு பகுதி இப்படி எங்களிடமிருந்து எடுத்ததுதான்.

கொடுத்த காசுக்கேற்ற சேவை என்ற பதில் இங்கே நிற்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதி, தகுந்த முன்னறிவிப்போ தவிர்க்க முடியாத காரணமோ இன்றிக் குறுந்தூரப் பறப்பு இரத்தானால் 250 யூரோ இழப்பீடு தரச் சொல்கிறது. சீட்டை எவ்வளவு மலிவாக வாங்கினார் என்று அது பார்ப்பதில்லை. அந்த விதிக்குள் இருந்துகொண்டே ரயன்எயாரும் ஈசிஜெட்டும் இத்தனை ஆண்டுகளாக மலிவாகப் பறக்கின்றன. மலிவும் பொறுப்பும் சேர்ந்திருக்க முடியாது என்ற வாதம் அங்கேயே பொய்த்துவிட்டது.

கிளிநொச்சிக்குச் சொன்ன கணக்கு வன்னி முழுவதற்கும் ஒன்றுபோல் வராது. முல்லைத்தீவுக்குப் பலாலிதான் வசதி. வவுனியா நடுவில் நிற்கிறது: பலாலி இன்னமும் கிட்டத்தான், கட்டுநாயக்காவிலோ ஒரு விமானம் போனால் இன்னொன்று உண்டு. அவசரமில்லாத, இரண்டு நாள் முன்பின்னாகப் போனாலும் கெடாத பயணத்துக்கு வவுனியாக்காரர் வடக்கே வரலாம். திங்கட்கிழமை கடை திறந்தே ஆக வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமைப் பறப்பை நம்பக் கூடாது. சனிக்கிழமைச் சீட்டை எடுத்து, சென்னையில் இழக்கும் அந்த ஒரு நாளையும் சீட்டின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு எந்த விமான நிலையம் என்று அவர் முடிவு செய்யட்டும்.