குறுக்குக்காற்றில் இறங்கும் விமானத்தை ரசிப்பது எப்படி?

ஆகாய விமானம் இறங்குவதை நின்று பார்ப்பது சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று, மற்ற விஷயங்களில் நுட்பமான ரசனை படைத்த என் நண்பர்களே சொல்லக் கேட்கும்போது எனக்கு உண்டாகும் எரிச்சலை நான் மறைக்கப் போவதில்லை. 2022 பிப்ரவரி 18 அன்று, யூனிஸ் என்ற புயல் லண்டன் ஹீத்ரோவை உலுக்கியபோது, ஒரு வாகனத்தின் கூரைமேல் காமிராவுடன் நின்று ஒருவர் செய்த நேரடி ஒளிபரப்பை லட்சக்கணக்கானோர் கண்டார்கள். கண்டவர்களில் பெரும்பாலோர் பயந்தார்களே தவிர ரசிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடிப்படையை விரைவாகச் சொல்லி விடுகிறேன். ஓடுபாதையின் எண் அதன் திசைப் பாகையைப் பத்தால் வகுத்தது. 27 என்றால் 270 பாகை, மேற்கு. காற்று 240 பாகையிலிருந்து 40 நாட் வேகத்தில் வந்தால், விமானத்தைக் குறுக்கே தள்ளும் கூறு அதில் பாதி, 20 நாட். விமானம் 140 நாட் வேகத்தில் வருகிறதென்றால், மூக்கை எட்டுப் பாகை அளவுக்குக் காற்றின் பக்கம் திருப்பி வைத்தால்தான் பாதையின் நேர்கோட்டில் நிற்கும். ஆற்றைக் கடக்கும் ஓடக்காரர் நீரோட்டத்துக்கு எதிராக முகப்பைச் சாய்த்துப் பிடிப்பது போலத்தான். இதற்குக் கிராப் என்று பெயர்.

இந்தக் கோணல் தோற்றத்தைத்தான் பத்திரிகைகள் மரண பயங்கரம் என்று வர்ணிக்கின்றன. என்ன அறியாமை! சீரான காற்றில் கிராப் என்பது சாந்தமான நிலை. காற்றைப் பொறுத்தவரை விமானம் நேராகவே பறக்கிறது. கோணத்தின் அளவைக் கண்டு வியப்பவர், வித்தை ஆரம்பிக்கும் முன்பே கைதட்டி விடுகிறார்.

வித்தை கடைசிச் சில விநாடிகளில் இருக்கிறது. அங்கே இரண்டு மார்க்கங்கள் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவரோடு இந்தக் கலையைப் பற்றி நான் பேசுவதேயில்லை. முதலாவது, மூக்கை உயர்த்தி இறக்கத்தைத் தணிக்கும் அந்த ஃப்ளேர் சமயம் வரை கிராப்பிலேயே வந்து, கடைசியில் சுக்கானை மிதித்து மூக்கைப் பாதையோடு இணைப்பது. காற்று வலப்புறமிருந்து வந்தால் இடது காலால் மிதிக்க வேண்டும். மிதித்த மாத்திரத்தில் வலது இறக்கை முன்னோக்கி விரைந்து, அதிகத் தூக்குவிசை பெற்று எழும்ப முயலும். அதே க்ஷணத்தில் கை கட்டுப்பாட்டுப் பிடியை வலப்பக்கம் சாய்த்து அதை அமர்த்த வேண்டும். சற்று முந்தினால் காற்று விமானத்தைப் பாதையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிடும். சற்றுப் பிந்தினால் சக்கரங்கள் பக்கவாட்டில் உரசி இறங்கும். இரண்டாவது, முன்னதாகவே மூக்கை நேராக்கி, காற்றடிக்கும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ச் சுக்கானைப் பிடித்தபடி, அந்தப் பக்கத்துச் சக்கரத்தில் முதலில் இறங்குவது. சிறு விமானங்களில் இது அழகு. போயிங் 747 போன்றவற்றில் இறக்கையின் கீழ் தொங்கும் வெளிப்புற எஞ்சின்கள் தரைக்கு அருகில் இருப்பதால் அதிகம் சாய்க்க இயலாது. ஆகவே பெரிய விமானங்களின் விமானிகள் பலர் இரண்டையும் கலந்து, கொஞ்சம் கிராப்பும் கொஞ்சம் சாய்வுமாக இறங்குகிறார்கள். எது எவ்வளவு என்று நிர்ணயிப்பதில்தான் ஒருவருடைய கை இன்னொருவருடைய கையிலிருந்து வேறுபடுகிறது. (சக்கரங்களையே திருப்பிவைத்து, கோணலாகவே இறங்கும் பி-52 குண்டுவீச்சு விமானம் இந்தக் கணக்கில் சேராது.) எனவே மூக்கைப் பார்க்காதீர்கள், பின்சக்கரங்களைப் பாருங்கள்: எந்தப் பக்கம் முதலில் தொட்டது, தொடும்போது மூக்கு எங்கே நோக்கிற்று?

இப்போது நாகரிகமாகிவிட்ட ஒரு பேதைமையையும் சொல்ல வேண்டும். வெண்ணெய் போல இறங்கினால் உத்தம விமானி என்கிறார்கள். ஈரமான பாதையில், குறுக்குக்காற்றில், திடமாக இறங்குவதே விவேகம். அப்போதுதான் டயர் நீர்ப்படலத்தைக் கிழித்துத் தரையைப் பற்றும். மிருதுவாக இறக்க ஆசைப்பட்டு மிதந்துகொண்டே போகிறவர், பாதையையும் இழக்கிறார், காற்றுக்கு அவகாசமும் கொடுக்கிறார்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில், புயற்காற்றில் 23-ஆம் பாதையில் இறங்க முயன்ற லுஃப்தான்சா ஏ320 விமானத்தின் இடது இறக்கை நுனி தரையில் உரசிய படத்தை உலகமே பார்த்தது. மேலெழும்பி, காற்றுக்கு அனுசரணையான 33-ஆம் பாதையில் அது மனிதர்களைக் காயமின்றி இறக்கியது. எல்லோரும் அந்த உரசலையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு இரண்டு: உரசிய பின் தயங்காமல் மேலெழும்பிய தீர்மானம் ஒன்று, 33-ஆம் பாதையை முதலிலேயே ஏன் நாடவில்லை என்ற, இன்றும் எனக்கு ஓயாத கேள்வி மற்றொன்று. ஆதலால் ஒரு விமானம் இறங்காமல் திரும்பி எழும்பினால், ஏமாந்துபோனதாக நினைத்து நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது. அன்று நீங்கள் காணக்கூடிய நல்ல தீர்மானம் அதுவாகவே இருக்கலாம்.

முன்சக்கரம் தரையில் பதிந்ததும் காமிராவை மூடிவிடாமல் இருங்கள். வாலின் பெரும்பரப்பைக் காற்று இன்னும் தள்ளிக்கொண்டேயிருக்கும். காற்று வரும் பக்கத்து இறக்கை எழும்பாதபடி விமானி கையைச் சாய்த்தே வைத்திருப்பார். அந்த இறக்கையின் ஓரப் பலகை மேல்நோக்கி நிற்பதை, வேகம் தணியும் வரையில் நீங்கள் கண்ணாலேயே காணலாம்.