விண்வெளிப் போர் நாவல்கள்: வேகமும் விடுபட்டதும்

போன கோடையில் சென்னை ரயிலில் என் மகன் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1959) நாவலோடு மேல் பர்த்தில் ஏறினான். சோலாப்பூரில் சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை. "இருப்பா, இன்னும் நாலே பக்கம்" என்றான். பிறகு நானும் வாங்கிப் பார்த்தேன். அவன்மேல் தப்பில்லை.

எடுத்த எடுப்பிலேயே வீரர்களைக் கூண்டில் அடைத்து, கப்பலிலிருந்து ஒரு கிரகத்தின்மேல் எறிகிறார்கள். கவச உடையை எப்படி இயக்குவது என்பதைச் சண்டைக்கு நடுவிலேயே நமக்கும் கற்றுத்தருகிறார் ஆசிரியர். இவ்வகை நாவல்களின் கவர்ச்சியே இதுதான்: வாசகனையும் படையில் சேர்த்துவிடுகிறார்கள். ஏன் சண்டை என்று கேட்க அவகாசம் தருவதில்லை. அந்த முதல் அத்தியாய முடிவில் ஒரு வீரன் செத்துப்போகிறான். அவனுக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம். முக்கிய எதிரிகளோ பூச்சிகள். கொன்றால் யார் அழப்போகிறார்கள்?

தமிழில் இதற்குப் பக்கத்தில் வருவது சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'. சுத்தமான ராணுவக் கதை அல்ல, சர்வாதிகாரி ஜீவாவை எதிர்க்கும் புரட்சிக் கதை. தொடர்கதையின் அவசரம் அதிலும் உண்டு. இயந்திர நாய் ஜீனோவை மறக்க முடியவில்லை; கதையில் செத்தவர்கள் யார் யார் என்று கேட்டால் எனக்கு ஞாபகமே இல்லை! ஆனால் சுஜாதா ஒன்று செய்தார். ஜீவா என்பவன் வெறும் ஒளிப்பிம்பம் என்று காட்டியதோடு, அவனைக் கவிழ்த்தவர்களும் நிலாவைப் பொம்மை ராணியாக்கி ஆள்வதையும் எழுதினார். வெற்றிக்கு அப்புறம் என்ன என்று கேட்டாரே, அது பெரிய விஷயம்.

புனேவாசிகளான நமக்கு இந்த 'அப்புறம்' புதிதல்ல. கட்கியில் (நம் பெரியவர்களுக்குக் கிர்க்கி) பம்பாய் சாப்பர்ஸ் படைமையம் இருக்கிறது. அதே கட்கியில், முதுகுத்தண்டில் அடிபட்ட ஜவான்களுக்கான மறுவாழ்வு மையமும் இருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த முரளிகாந்த் பேட்கர் என்ற ஜவான், 1972-இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கினார். நடுவிலிருந்த ஏழு வருஷத்தை வேகமான நாவல் ஒரு வரியில் தாண்டிப் போய்விடும்.

தாண்டாதவர் ஜோ ஹால்டெமன். ஹைன்லைன் கடற்படை அதிகாரியாக இருந்து, காசநோயால் 1934-இல் விலகியவர், போர்முனை பார்த்ததில்லை. ஹால்டெமன் வியட்நாமில் நம்ம சாப்பர்களைப் போன்ற பணியில் இருந்து பலத்த காயம் பட்டவர். அவருடைய 'தி ஃபாரெவர் வார்' (1974) நாவலில் ஒளிவேகத்தை ஒட்டிப் பயணம் செய்து திரும்பும் வீரனுக்குச் சில வருஷம்தான் ஆகியிருக்கிறது. பூமியில் இருபதுக்கு மேல் ஓடிவிட்டது. வீடு, பேச்சு, பழக்கவழக்கம் எல்லாமே மாறிப்போய், அவன் மறுபடி படைக்கே போகிறான். இருபது வருஷம் கழித்துச் சொந்த ஊர்த் தெருவில் நின்று வழி கேட்டவர்களுக்கு அந்தப் பக்கங்கள் சட்டென்று புரியும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் நடந்த அந்தப் போரே ஒரு தவறான புரிதலில் தொடங்கியது என்று கடைசியில் தெரிகிறது. இங்கும் சண்டைக் காட்சிகள் உண்டு, விறுவிறுப்பும் உண்டு. ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இந்தப் புத்தகத்தை மகனிடம் கொடுத்திருக்கிறேன். "ஸ்பீடு கம்மியா இருக்குப்பா" என்கிறான். அவன் இன்னும் அந்த வீரன் ஊர் திரும்பும் இடத்துக்கு வரவில்லை.