ஒற்றை டால்பினின் பாதை

டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவின் உச்சியில் நிற்கும் அசோகர் தூணில், கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியல் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதில் வரும் ‘கங்காபுபுடக’ கங்கை டால்பின்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. தூணுக்குப் பக்கத்தில் ஓடும் யமுனையில் இன்று அது இல்லை. அங்கே போய் நிற்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

2024 டிசம்பரில், அதே டெல்லியிலிருந்து சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு செய்தியை வெளியிட்டது. அசாமில் ஓர் ஆண் கங்கை டால்பினைப் பிடித்து, உடல்நலம் சோதித்து, செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆற்றில் விட்டிருக்கிறார்கள். இந்திய வனவிலங்கு நிறுவனமும் அசாம் வனத்துறையும் ஆரண்யக் அமைப்பும் சேர்ந்து செய்த வேலை. இந்த இனத்துக்கு இது முதல் முறை.

2021–23 கணக்கெடுப்பு, இந்திய ஆறுகளில் 6,327 டால்பின்கள் இருப்பதாகச் சொன்னது. பெரும் உழைப்பு அது. ஆனால், இன்று படகருகே மூச்சுவிட்ட விலங்குதானா நாளை இன்னொரு மடுவில் தலைகாட்டுகிறது என்று கணக்கெடுப்பால் சொல்ல முடியாது. புலிக்கு வரிகள் உண்டு. தானியங்கிக் கேமராவே அடையாளம் காட்டிவிடும். முதுகுத் துடுப்பில்லாத பெலுகா திமிங்கிலங்களைக்கூட அலாஸ்காவின் குக் வளைகுடாவில் 2005 முதல் தழும்புகளை வைத்துப் பிரித்தறிகிறார்கள். நம் டால்பினோ கலங்கல் நீரில் நொடிப்பொழுது எழுந்து மறைந்துவிடும். படத்தில் பெரும்பாலும் மிஞ்சுவது நீர்த்தெறிப்புதான். எனவே கருவி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

தயக்கம் வேறிடத்தில். ஓர் ஆணின் பாதை, குட்டியோடு நீந்தும் தாயின் பாதையாகிவிடாது. கருவியும் நெடுநாள் நிலைக்காது. பிடித்துக் கரைசேர்ப்பதே விலங்குக்குப் பெரும் அதிர்ச்சி. குக் வளைகுடாவில் 1999 முதல் 2002 வரை பெலுகாக்களின் முதுகில் ஊசிகள் செருகிக் கருவி பொருத்தினார்கள். அந்தத் தழும்புகள் பல ஆண்டுகளுக்குப் பின் எடுத்த படங்களிலும் தெரிந்தன.

இவ்வளவு வலிக்கும் ஈடாக நாம் கேட்கும் கேள்விகள் கூர்மையாக இருக்க வேண்டும். தடுப்பணையை டால்பின் தாண்டுகிறதா? கோடையில் நீர் வற்றும்போது எந்த மடுவில் ஒதுங்குகிறது? இவற்றுக்கு விடை கிடைத்தால், எந்த மாதம் எவ்வளவு நீரைத் திறந்துவிட வேண்டும் என்று பாசனத் துறையிடம் ஆதாரத்தோடு கேட்கலாம். வெறும் தலைக்கணக்கைக் கொண்டு அப்படிக் கேட்க முடியாது. பாதை வரைபடம் வெளிவரும்போது, கருவி கழன்ற இடம் எப்படி ஆறியது என்ற பதிவும் அதனுடன் வர வேண்டும்.